இரண்டு ‘ஐ’

செகந்திராபாத் மோண்டா சந்தையிலே காலை வேளையில் அரை நாழிகை நின்று செவிமடுத்தால் ஒரு புதுமையைக் கேட்கலாம். கத்தரிக்காய்க் கூடையின் முன் நிற்கும் தமிழ் அம்மையார் ‘எனக்கு ஒரு கிலோ’ என்கிறார். அவரை அடுத்து நிற்கும் தெலுங்கு மூதாட்டி ‘நாகு’ என்கிறார். ஊருக்குப் புதியவரான தமிழர் செவியில் அது ‘நாக்கு’ என்று விழுந்து அவரைச் சற்றே திகைக்க வைப்பதும் உண்டு. தக்கினி உருது பேசும் வணிகரோ ‘மேரேகூ’ என்கிறார். வடநாட்டு உருதுவில் ‘முஜே’ என்பதே பெருவழக்கு. தக்கினியின் ‘கூ’வுக்கும் நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’வுக்கும் மூலம் வேறு என்பர் மொழிநூலார். மூலம் எதுவாயினும் ஆகுக. அந்தச் சந்தையில் மூன்று மொழியினரும் தத்தமக்கு வேண்டுவதை ஏறக்குறைய ஒரே ஒலியால் கேட்டுப் பெறுகின்றனர். எவரும் பிழை செய்வதில்லை; எவரும் திருத்துவதும் இல்லை.

அதே தெருவின் கோடியிலுள்ள பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் நிலைமை மாறிவிடுகிறது. அங்கே ஆங்கிலம் ஆட்சி செய்கிறது. ‘ஐ’ என்று சொல்ல வேண்டிய இடம் எது, ‘மீ’ என்று சொல்ல வேண்டிய இடம் எது என்ற ஐயம் குழந்தைகளை மட்டுமன்றி, அவர்களைப் பெற்றோரையும், சில வேளைகளில் ஆசிரியரையுமே வாட்டுகிறது. எழுவாயாக வரும் சுட்டுப்பெயருக்கும் தன்மைப் பெயருக்கும் ஒரு வடிவம். செயப்படுபொருளாக வரும்போது வேறொரு வடிவம். கேட்பதற்கு எளிய விதிதான். ஆயினும் பிழைப்புத் தேடி வெளிமாநிலம் வந்த நம்மவர் பலருக்கு இந்தச் சிறு விதி உத்தியோகத்தையும் மானத்தையும் தொட்ட விஷயமாக இருந்திருக்கிறது.

எம் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தஞ்சை மாவட்டத்திலிருந்து இந்நகருக்கு வந்து, ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்தார். நாடு விடுதலை அடைவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய தந்தையார் காலமானார். பூர்விக நிலத்தைப் பாகம் பிரித்துக்கொள்ள ஊருக்குப் போக வேண்டியிருந்தது. விடுப்பு விண்ணப்பத்தில், தம்பிக்கும் தமக்கும் இடையே நிலம் பங்கிடப்பட வேண்டும் என்று எழுதினார். ‘பிட்வீன் மை பிரதர் அண்ட் மீ’ என்பது அவர் எழுதிய தொடர். மேலதிகாரி சிவப்பு மையால் ‘மீ’யை அடித்து, மேலே ‘ஐ’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். தாம் எழுதியதே சரி என்று பெரியவருக்குத் தெரியும். ஆயினும் ‘ஐ’ என்றே மறுபடியும் தட்டச்சுச் செய்து கொடுத்தார். விடுப்பும் கிடைத்தது. “இலக்கணம் என் பக்கம் இருந்தது, விடுப்பு அவர் பக்கம் இருந்தது” என்று பிற்காலத்தில் அவர் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. சிவப்பு மை பட்ட அந்தத் தாளை மட்டும் அவர் எறியவில்லை.

அதிகாரி அப்படித் திருத்தியது ஏன்? இதற்கு விடை காண வேண்டுமானால், ஆங்கில இலக்கணம் இவ்வூருக்கு வந்த வழியையும், அதற்கு முன் ஆங்கிலம் கடந்து வந்த வழியையும் சிறிது பார்க்க வேண்டும்.

1798ஆம் ஆண்டில் நிஜாம் அலி கானுக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் பயனாகக் கம்பெனியின் துணைப்படை ஹுசேன் சாகர் ஏரிக்கு வடக்கே நிலைகொண்டது. அந்தப் பாசறை 1806இல் மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் ஆயிற்று. படை சென்னை இராணுவத்தைச் சேர்ந்தது. ஆகவே சிப்பாய்களோடு தமிழ் பேசும் குத்தகைக்காரரும் கணக்கரும் பணியாளரும் இங்கே வந்து தங்கினர். 1874இல் வாடியிலிருந்து இருப்புப்பாதை வந்தபின் எழுத்தர்களும் வந்தனர். 1966 அக்டோபர் 2ஆம் நாள் தென்மத்திய இரயில்வே இங்கே தலைமையகம் கொண்டு தொடங்கியபின் மேலும் பலர் வந்தனர். படையாயினும் இரயிலாயினும், மேலே உள்ளவருக்கு எழுதும் மொழி ஆங்கிலமே. உருதுவும் தெலுங்கும் தெருவுக்கு, தமிழ் வீட்டுக்கு, ஆங்கிலம் சோற்றுக்கு. இவ்வாறு நம்மவர் வாழ்க்கை பங்கிடப்பட்டது.

அந்தச் சோற்று மொழியைப் பிறருக்கும் வழங்க முற்பட்டவரும் ஒரு தமிழரே என்பது நாம் பெருமையுடன் நினைத்தற்குரியது. 1862இல் சோமசுந்தர முதலியார் இங்கே ஓர் ஆங்கில-சுதேச மொழிப் பள்ளியை நிறுவினார். பின்னர் அது ஆறாம் நிஜாம் மகபூப் அலி கான் பெயரால் மகபூப் கல்லூரி எனப்பட்டது. சிகாகோ செல்வதற்கு முன், 1893 பிப்ரவரி 13ஆம் நாள், சுவாமி விவேகானந்தர் தமது மேலைநாட்டுப் பணியைப் பற்றிப் பேசியது அக்கல்லூரியிலேதான். கடல் கடந்து பேசப் போகும் ஒருவர் அதற்கு முன் ஆங்கிலத்தில் அவையோரைத் தம்பால் ஈர்த்த மேடை, ஒரு தமிழர் தொடங்கிய பள்ளியின் மேடை.

இந்தியப் பள்ளிகளில் பையன்கள் படித்த இலக்கண நூல்கள் பல. லிண்ட்லி மரே என்பார் 1795இல் வெளியிட்ட நூல் பேரரசெங்கும் பரவியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இந்தியக் கல்வித் துறையில் பணியாற்றிய நெஸ்ஃபீல்டு எழுதிய நூல்கள் வந்தன. 1930களில் ரென், மார்ட்டின் ஆகிய இருவரின் இலக்கணம் வந்து, இன்றளவும் நம் வீட்டுப் புத்தக அலமாரிகளை விட்டு அகலவில்லை. இவையெல்லாம் வற்புறுத்திய ஒரு விதிக்குத் தலைமை ஆசிரியர் இராபர்ட் லௌத். பிற்காலத்தில் இலண்டன் பிஷப்பாக விளங்கிய இவர் 1762இல் ஒரு சிறு ஆங்கில இலக்கணம் எழுதினார். பெரும் புலவர்களின் நூல்களிலிருந்தே பிழைகளைப் பொறுக்கி அடிக்குறிப்பில் அடுக்கிக் காட்டுவது அவர் வழக்கம். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. தம்மை மக்கள் யார் என்று சொல்கின்றனர் என இயேசு சீடரைக் கேட்குமிடத்தில், மொழிபெயர்ப்பாளர் ‘ஹூ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஹூம்’ என்று எழுதிவிட்டனர் என்று காட்டினார். கிரேக்க மூலத்தில் அங்கே இரண்டாம் வேற்றுமை இருந்தமையே அந்தப் பிழைக்கு வித்து. தாமே ஒரு சமயகுருவாக இருந்தும், வேதநூலின் வேற்றுமையைத் திருத்தத் தயங்காத அவர் துணிவை வியக்காமல் இருக்க இயலவில்லை.

‘இருத்தல்’ வினைக்குப் பின்னும் எழுவாய் வடிவமே வர வேண்டும் என்பது லௌத் வகுத்த கட்டளை. அதன்படி ‘இட் இஸ் ஐ’ என்பதே சரி. ‘இட் இஸ் மீ’ பிழை. இலத்தீனில் அப்படித்தான், ஆகவே ஆங்கிலத்திலும் அப்படியே என்பது அக்காலத்துக் கற்றோர் கொள்கை. இலத்தீன் பாடத்தின் கொடுமையைப் பற்றிப் பேசும்போது சர்ச்சில் நினைவுக்கு வருகிறார். 1896இல் பெங்களூரிலிருந்து வந்து ஹைதராபாத்தில் போலோ ஆடிக் கோப்பையை வென்ற குழுவில் இருந்தவர் அவர். ‘மேசையே!’ என்று மேசையை விளிக்க ஒரு வேற்றுமை எதற்கு என்று சிறு வயதில் தாம் ஆசிரியரைக் கேட்டதைத் தம் இளமை வரலாற்றில் எழுதியிருக்கிறார். நிலவையும் கிளியையும் நெஞ்சையும் விளித்துப் பாடும் தமிழ்ப் பிள்ளை அந்தக் கேள்வியைக் கேட்டிராது!

லௌத்துக்கு எதிர்வாதம் அந்நாளிலேயே எழுந்தது. பின்னாளில் பிராணவாயுவைக் கண்டறிந்தவர்களுள் ஒருவராகப் புகழ்பெற்ற ஜோசப் பிரீஸ்ட்லி, 1761இல் தாமும் ஓர் இலக்கணம் எழுதினார். இலக்கணிகள் என்ன சொன்னாலும், பேச்சு வழக்கும் நல்ல எழுத்தாளர் சிலர் வழக்கும் ‘இட் இஸ் மீ’யின் பக்கமே உள்ளன என்று 1768இல் வெளிவந்த திருத்தப் பதிப்பில் அவர் எடுத்துக்காட்டினார். ஆயினும் பள்ளிக்கூடங்களில் வென்றவர் லௌத்தே. வாயு ஆராய்ச்சியாளரின் பேச்சை இலக்கண ஆசிரியர்கள் எங்கே கேட்கப் போகிறார்கள்!

ஆங்கிலேயருக்கே இவ்வளவு குழப்பம் எப்படி வந்தது? பழைய ஆங்கிலத்தில் நம் மொழியைப் போலவே எல்லாப் பெயர்களும் வேற்றுமை ஏற்றன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் வந்த நூற்றாண்டுகளில், முன்னரே தேயத் தொடங்கியிருந்த அவ்விகுதிகள் பெரும்பாலும் மறைந்தன. உருபு செய்த வேலையைச் சொல்லின் இடம் செய்யலாயிற்று. வினைக்கு முன் நிற்பது எழுவாய். பின் நிற்பது செயப்படுபொருள். ‘ஐ-மீ’, ‘ஹீ-ஹிம்’, ‘ஹூ-ஹூம்’ போன்ற சில பெயர்கள் மட்டும் பழைய வேறுபாட்டைக் காத்து நின்றன. ஏரி வற்றியபின் பள்ளங்களில் தேங்கிய நீர் போன்றவை அவை. ஆகவேதான் வினைக்குப் பின் வரும் இடமெல்லாம் ‘மீ’க்கு உரியது என்று ஆங்கிலேயர் செவி நினைக்கிறது, இலக்கண நூல் அதைத் தடுக்கிறது.

பள்ளத்து நீரும் சில இடங்களில் வற்றிப்போயிற்று. முன்னிலைப் பன்மையில் ‘யீ’ என்பது எழுவாய் வடிவம். ‘யூ’ என்பது செயப்படுபொருள் வடிவம். 1611ஆம் ஆண்டு விவிலியத்தில் இவ்வேறுபாட்டைக் காணலாம். மக்கள் பேச்சிலோ அதற்கு முன்னரே ‘யூ’ இரண்டு இடத்தையும் பிடிக்கத் தொடங்கிவிட்டது. இன்று உலகமெங்கும் எவரைப் பார்த்தும் ‘யூ’ என்கிறோமே, அது செயப்படுபொருள் எழுவாயின் நாற்காலியில் அமர்ந்த கதை. எந்த மேலதிகாரியும் அதைச் சிவப்பு மையால் அடிப்பதில்லை.

இனி நம் மொழிக்கு வருவோம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் என்று ஓர் இயலும், அதை அடுத்து வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலும் உள்ளன. ஓர் உருபு நிற்க வேண்டிய இடத்தில் மற்றோர் உருபு வந்து மயங்குவதும் மொழியின் இயல்பே எனக் கொண்டு, அதற்கென்று தனி இயல் வகுத்த ஆசிரியரின் பெருந்தன்மை லௌத்திடம் இல்லை என்று சொன்னால் அது மிகையன்று. அந்த வைப்பு முறையில் செயப்படுபொருளைக் காட்டும் இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’. ஆங்கிலத்திலோ எழுவாயாக நிற்கும் தன்மைப் பெயரின் ஒலியே ‘ஐ’. தமிழ்ப் பிள்ளை வீட்டில் ‘என்னை’ என்று சொல்லும்போது அந்த ‘ஐ’ செயலை ஏற்பவனைக் காட்டுகிறது. பள்ளியில் சொல்லும் ‘ஐ’ செயலைச் செய்பவனைக் காட்டுகிறது. தற்செயலான ஒலி ஒற்றுமைதான். ஆயினும் முதல் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டையும் ஒருங்கே எழுதிக் காட்டிப் பாருங்கள், அது மறப்பதில்லை.

தமிழில் அஃறிணைப் பொருளுக்கு ‘ஐ’ உருபு தொக்கு வரும். ‘புத்தகம் படித்தேன்’ என்று சொன்னால் குற்றமில்லை. ஆனால் ‘அவர் நான் அழைத்தார்’ என்று எவரும் சொல்லார்; ‘என்னை’ என்றே சொல்ல வேண்டும். ஆங்கிலம் பெயர்ச்சொற்களில் வேற்றுமையை இழந்தும் ‘மீ’யில் காத்ததும் இத்தகையதே. தன்னைக் குறிக்கும் சொல்லில் மொழிகள் இந்த வேறுபாட்டை எளிதில் விடுவதில்லை போலும்.

பெரியவரின் விண்ணப்பத்துக்குத் தமிழ் என்ன தீர்ப்புச் சொல்கிறது? ‘எனக்கும் என் தம்பிக்கும் இடையே’ என்கிறோம். ‘உம்’மையால் இணைந்த இரு பெயரும் தனித்தனியே ‘கு’ உருபு ஏற்கின்றன. ‘தம்பிக்கும் நானும் இடையே’ என்று சொன்னால் மூன்று வயதுக் குழந்தையும் சிரிக்கும். ஆதலால், தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுபவர் இவ்விடத்தில் ‘மீ’ என்றே எழுதுவார். அதுவே சரியும் ஆகும். பின் ‘ஐ’ என்று திருத்துவோர் யார்? இளமையில் ‘மீ அண்ட் மை பிரதர்’ சென்றோம் என்று சொல்லி, ஆசிரியரிடம் அடி வாங்கியவர்கள். ‘மீ’ என்றாலே குற்றம் என்ற அச்சம் அவர்கள் நெஞ்சில் நிலைத்துவிட்டது. அந்த அச்சமே சரியான இடத்திலும் ‘மீ’யைத் துரத்துகிறது. இது ஆங்கிலம் அறியாமையால் வரும் பிழை அன்று. ஆங்கிலம் கற்றோர்க்கே வரும் பிழை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நன்கு படித்தவர்களிடம் இதைக் கேட்கலாம்.

எல்லா இடத்திலும் தமிழ் இவ்வாறு கைகொடுக்கும் என்று எண்ணிவிடலாகாது. கதவைத் தட்டுபவரை ‘யார்?’ என்று கேட்டால் ‘நான்தான்’ என்கிறோம், ‘என்னைத்தான்’ என்பதில்லை. இங்கே தமிழ் லௌத்தின் கட்சி. ஆங்கிலேயர் பேச்சு ‘மீ’யின் கட்சி. ‘என்னைவிட உயரமானவன்’ என்னும்போது தமிழ் ‘மீ’யின் கட்சி, பழைய பள்ளிநூல் ‘ஐ’யின் கட்சி. ‘எனக்குத் தெரியும்’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பனவற்றை ஆங்கிலத்தில் சொல்லும்போது ‘எனக்கு’ என்பது ‘ஐ’யாக மாற வேண்டும். இதில் நம் பிள்ளைகள் இடறுவதுண்டு. ஆனால் ஒரு காலத்தில் ஆங்கிலமும் ‘எனக்குத் தோன்றுகிறது’ என்றே பேசிற்று. ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் ‘மீதிங்க்ஸ்’ என்னும் சொல்லின் பொருள் அதுவே. அதில் உள்ள ‘மீ’ நம் நான்காம் வேற்றுமைக்கு நிகரானது. அந்த வழக்கு அவர்களிடம் மறைந்தது. தமிழிலும் தெலுங்கிலும் தக்கினியிலும் வாழ்கிறது.

தக்கினி மற்றோர் உதவியும் செய்கிறது. வடநாட்டு உருதுவில் இறந்தகாலத்தில் ‘நான் சொன்னேன்’ என்பதற்கு எழுவாயோடு ‘நே’ என்னும் உருபு சேர்ந்து ‘மைனே’ என்று வரும். நம்மவருக்குப் பெருந்தொல்லை தருவது அது. தக்கினி பேசுவோர் பெரும்பாலும் அதை விட்டுவிட்டு ‘மைன் போலா’ என்பர். டில்லியில் குடியேறிய தமிழரைவிடச் செகந்திராபாத் தமிழர் இவ்வகையில் பாக்கியசாலிகள்.

‘ஹூம்’ என்ற சொல்லுக்கும் நம்மவருக்கும் உள்ள உறவு தனியானது. பழைய இரும்புப் பெட்டிகளைத் திறந்தால், நற்சான்றிதழ் ஒன்றாவது இருக்கும். அதன் தலைப்பில் ‘டு ஹூம் இட் மே கன்சர்ன்’ என்றிருக்கும். யாருக்கு என்று தெரியாமலே எழுதிக் கொடுத்த அந்த ஒரு தாளை நம்பி எத்தனை பேர் சென்னையில் இரயில் ஏறினர்! பேச்சில் ‘ஹூம்’ மெல்ல மறையும் என்று அமெரிக்க மொழிநூல் அறிஞர் எட்வர்டு சபீர் 1921இல் எழுதினார். பேச்சைப் பொறுத்தவரை அவர் கூற்று ஏறக்குறையப் பலித்துவிட்டது. சான்றிதழ்த் தலைப்பில் மட்டும் அது அசையாமல் வீற்றிருக்கிறது.

1958இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கிலக் கல்வி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அது ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. நம் நாட்டு ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் முறையை அது பல்லாண்டுகளாகப் பயிற்றி வருகிறது. விதியை உருப்போடுவதைவிட வழக்கைக் கவனிப்பதே முறை என்ற எண்ணம் இப்போது வலுப்பெற்றிருக்கிறது. ரென், மார்ட்டின் நூலின் பிற்காலப் பதிப்பே, இன்றைய பேச்சில் ‘இட் இஸ் மீ’ என்பதே இயல்பு என்று குறிப்பு எழுதிவிட்டது. பிரீஸ்ட்லி கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

இன்று மாரேட்பள்ளியிலும் பத்மராவ் நகரிலும் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ‘ஐ’யும் ‘மீ’யும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் வேறொரு மயக்கம் தோன்றியிருக்கிறது. ஆங்கிலத்தின் ‘மீ’ ஒன்றே நம் ‘என்னை’, ‘எனக்கு’, ‘என்னிடம்’ ஆகிய மூன்றின் வேலையையும் செய்கிறது. ஆதலால் ‘என்னிடம் சொல்’ என்பதற்கு ‘என்னைச் சொல்’ என்று சொல்லும் பேரப்பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். பாட்டிமார் சிரித்துத் திருத்துகின்றனர். சிவப்பு மை கொண்டு திருத்தாமல், சரியான சொல்லைத் தாமே ஒருமுறை சொல்லிக் காட்டித் திருத்துகின்றனர். பிள்ளையும் அடுத்த முறை சரியாகச் சொல்கிறது.

பெரியவர் விடுப்பில் ஊர் சென்று, தம்பியோடு நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டார். பாகப்பத்திரத்தை எழுதியவர் ஆங்கிலம் அறியாத பத்திர எழுத்தர். முதல் வரியிலேயே அண்ணன் பெயருக்கு ஒரு ‘கு’வும் தம்பி பெயருக்கு ஒரு ‘கு’வும் தவறாமல் இட்டிருந்தார். பெரியவர் அதை இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டாராம்.